ரீபூட்டுக்குப் பின் சர்வீஸ் எழவில்லை: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

பல மாதங்கள் நிற்காமல் ஓடிய சர்வரை ஒரு கெர்னல் அப்டேட்டுக்காக ரீபூட் செய்கிறீர்கள். மெஷின் ஒழுங்காக மேலே வந்துவிடுகிறது. எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து டெர்மினலில் நுழையும் வழி) வழியாக உள்ளேயும் போக முடிகிறது. ஆனால் வெப்சைட் திறக்கவில்லை, டேட்டாபேஸ் பதில் தரவில்லை. உடனே அப்டேட்டின் மேல்தான் சந்தேகம் பாயும். பல நேரம் அந்த அப்டேட்டுக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இருக்காது. கோளாறு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கும். வெளியே தெரிய ஒரு ரீபூட் தேவைப்பட்டிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் நிலை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒரு பகுதி டிஸ்கில் கோப்புகளாக எழுதப்பட்டிருக்கிறது. மறு பகுதி மெமரியில் மட்டும் வாழ்கிறது. யாரோ அவசரத்துக்குக் கையால் மவுண்ட் செய்த (ஒரு ஃபோல்டரோடு இணைத்த) டிஸ்க், கையால் சேர்த்த ஐபி முகவரி, தற்காலிகமாகத் தளர்த்திய செக்யூரிட்டி விதி, டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்த பாஸ்வேர்டு ஆகிய எல்லாமே மெமரியோடு போய்விடும். இதற்கு எதிர்த்திசையிலும் நடக்கும். மூன்று மாதம் முன்பு கன்ஃபிக் கோப்பில் ஒரு வரியைத் தவறாக மாற்றியிருப்பார்கள். புரோகிராம் பழைய கன்ஃபிக்கை மெமரியில் வைத்துக்கொண்டு அமைதியாக ஓடியிருக்கும். ரீபூட் ஆன பிறகுதான் முதல் முறையாக அந்தத் தவறான வரியைப் படிக்கும்.

ஆகவே தேடும்போது மனதில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நேற்று மெமரியில் இருந்த எது, இன்று டிஸ்கிலிருந்து வரவில்லை?

இங்கே சொல்வது லினக்ஸ் சர்வர்களுக்கு, அதிலும் சிஸ்டம்டி இருக்கும் லினக்ஸுக்கு. 2010-ல் வெளிவந்த சிஸ்டம்டி, 2011-ல் ஃபெடோரா 15-லும், 2014-ல் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-லும், 2015-ல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டிலும் இயல்பான தொடக்க நிரலாக இடம்பிடித்தது. கெர்னல் தொடங்கி வைக்கும் முதல் பிராசஸ் அதுதான். அதன் எண் 1. மற்ற சர்வீஸ்களை எழுப்புவது அதன் வேலை. கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் இங்கே ஒலிக்கும்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்துக்களில் தட்டிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 'கணக்கு' என்று ஒரு சர்வீஸை வைத்துக்கொள்வோம். 8080 போர்ட்டில் ஓடும் ஒரு வெப் அப்ளிகேஷன் அது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நம்பியிருக்கிறது.

எழ முயன்றதா, முயலவே இல்லையா?

சர்வீஸை உடனே கையால் எழுப்பிவிடத்தான் கை போகும். அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்கித் தடயத்தைப் பாருங்கள்.

சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கணக்கு

இதில் 'ஆக்டிவ்' என்று தொடங்கும் வரிதான் முக்கியம். 'ஃபெயில்ட்' என்று இருந்தால் எழ முயன்று விழுந்திருக்கிறது. 'இன்ஆக்டிவ், டெட்' என்று இருந்து, கீழே இந்த பூட்டின் லாக் ஒரு வரிகூட இல்லையென்றால், அதை யாரும் எழுப்பவே இல்லை. 'ஆக்டிவேட்டிங், ஆட்டோ-ரீஸ்டார்ட்' என்றால் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறது. 'ஆக்டிவ், ரன்னிங்' என்றால் சர்வீஸ் நன்றாகவே ஓடுகிறது. ஃபயர்வாலையோ நெட்வொர்க்கையோ பாருங்கள். புதியவர்கள் பலர் இந்த வரியைப் படிக்காமலே கன்ஃபிக் கோப்பைத் திறந்து மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். எழுப்பப்படாத சர்வீஸின் கன்ஃபிக்கை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் இந்த இடத்தில் ஏமாற்றும். 'போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்ற சர்வீஸ் அங்கே வெறும் உறை. அது எப்போதும் 'ஆக்டிவ், எக்ஸிட்டட்' என்றே காட்டும். உண்மையான டேட்டாபேஸ் அதற்குள் வேறு யூனிட்டாக (சிஸ்டம்டி நிர்வகிக்கும் ஒவ்வோர் உருப்படியும் ஒரு யூனிட்) ஓடுகிறது. 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' கட்டளையைக் கொடுத்தால்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

முயலவே இல்லை என்றால்

பெரும்பாலும் காரணம் மிக எளியது. 'ஸ்டார்ட்' வேறு, 'எனேபிள்' வேறு. ஸ்டார்ட் என்பது இப்போது ஓடச் சொல்வது. எனேபிள் என்பது ஒவ்வொரு பூட்டிலும் ஓடச் சொல்வது. எனேபிள் செய்யும்போது நடப்பது ஒரு சின்ன வேலை: '/எட்சி/சிஸ்டம்டி/சிஸ்டம்/மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் உங்கள் யூனிட் கோப்புக்கு ஒரு சிம்பாலிக் லிங்க் (அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) உருவாகிறது. பூட் ஆகும்போது சிஸ்டம்டி அந்த ஃபோல்டரைப் பார்த்துத்தான் யார் யாரை எழுப்புவது என்று முடிவு செய்கிறது. அன்று நிறுவியவர் ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் லிங்க் இருக்காது. 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-எனேபிள்ட் கணக்கு' என்று கேளுங்கள். 'டிஸேபிள்ட்' என்று வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 'எனேபிள் --நவ்' என்று கொடுத்தால் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடியும்.

எனேபிள் கொடுத்தும் ஒட்டவில்லையா? யூனிட் கோப்பின் கடைசியில் 'இன்ஸ்டால்' பகுதி இருக்கிறதா, அதில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் எங்கே லிங்க் போடுவது என்று சிஸ்டம்டிக்குத் தெரியாது. 'மாஸ்க்ட்' என்று வந்தால் யாரோ வேண்டுமென்றே அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று விசாரித்துவிட்டு 'அன்மாஸ்க்' செய்யுங்கள்.

யூனிட்டை உங்கள் சொந்த பயனர் கணக்கின் கீழ், '--யூசர்' என்று போட்டு அமைத்திருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட சர்வீஸ்கள் நீங்கள் லாகின் செய்யும்போது எழும், வெளியேறும்போது படுத்துவிடும். எஸ்எஸ்ஹெச் செய்து உள்ளே நுழைந்த மறுகணம் சர்வீஸ் ஓடுவதைப் பார்த்து, 'என்னிடம் ஓடுகிறதே' என்று குழம்ப வைக்கும் கோளாறு இது. 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்று எழுதிப் பயனர் பெயரைக் கொடுத்தால், லாகின் இல்லாமலே பூட்டில் எழும்.

சர்வீஸ் டாக்கர் கன்டெய்னராக (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறை) ஓடுகிறது என்றால் அதன் ரீஸ்டார்ட் விதியைப் பாருங்கள். எதுவும் சொல்லாவிட்டால் அது 'நோ'. ரீபூட்டுக்குப் பின் கன்டெய்னர் எழாது. 'ஆல்வேஸ்' எப்போதும் எழுப்பும். 'அன்லெஸ்-ஸ்டாப்ட்' என்பது, ரீபூட்டுக்கு முன் நீங்களே நிறுத்தியிருந்தால் நிறுத்தியபடியே விட்டுவிடும். டாக்கர் சர்வீஸே எனேபிள் ஆகியிருக்கிறதா என்பதையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரி, எனேபிளும் ஆகியிருக்கிறது, ஆனாலும் முயன்ற தடயமே இல்லை என்ற அரிய நிலையும் உண்டு. அ என்பது ஆ-வுக்குப் பிறகு, ஆ என்பது அ-வுக்குப் பிறகு என்று யூனிட்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டால், சிஸ்டம்டி அந்த வளையத்தை உடைக்க ஏதோ ஒன்றின் தொடக்கத்தைக் கைவிடும். இந்தச் செய்தி உங்கள் சர்வீஸின் லாகில் கண்ணில் படாமல் போகலாம். முழு பூட் லாகில் 'ஆர்டரிங் சைக்கிள்' என்ற சொற்களைத் தேடுங்கள்.

முயன்று விழுந்தது என்றால்

ஸ்டேட்டஸ் கட்டளை கடைசி 10 வரிகளை மட்டும்தான் காட்டும். அவற்றில் பெரும்பாலும் 'முயன்றேன், முடியவில்லை' என்ற புலம்பல்தான் இருக்கும். காரணம் அதற்கும் மேலே இருக்கும். முழுவதையும் பார்க்க:

ஜர்னல்சிடிஎல் -யு கணக்கு -பி

முதல் தெரிவு எந்த யூனிட் என்பதற்கு. இரண்டாவது, 'பூட்' என்பதன் முதல் எழுத்து. இந்த பூட்டின் வரிகள் மட்டும் வரும். அதோடு மைனஸ் 1 சேர்த்தால் முந்தைய பூட்டின் லாக். கடைசியிலிருந்து மேலே போகாதீர்கள்; முதலிலிருந்து கீழே வந்து, முதல் பிழை எது என்று பாருங்கள். பின்னால் வரும் ஐம்பது பிழைகள் அந்த ஒன்றின் விளைவாக இருக்கும்.

முந்தைய பூட்டின் லாக் இல்லை என்று சொன்னால், ஜர்னல் (சிஸ்டம்டி வைத்திருக்கும் லாக்) மெமரியில் மட்டும் எழுதப்படுகிறது என்று பொருள். பல அமைப்புகளில், '/வார்/லாக்/ஜர்னல்' என்ற ஃபோல்டர் இருந்தால் டிஸ்கில் எழுதும். இல்லாவிட்டால் '/ரன்' கீழே எழுதி, ரீபூட்டில் எல்லாவற்றையும் இழக்கும். அந்த ஃபோல்டரை உருவாக்கி 'சிஸ்டம்டி-ஜர்னல்டி' சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். கோளாறு வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது. பல புரோகிராம்கள் '/வார்/லாக்' கீழே தமக்கென்று தனி லாக் வைத்திருக்கும்; ஜர்னலில் ஒன்றும் இல்லாவிட்டால் அங்கே போங்கள்.

ஸ்டேட்டஸ் வரியில் ஓர் எண்ணும் வரும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். பாதிக் கதையை அதுவே சொல்லிவிடும். 203 என்றால் புரோகிராமை ஓட்டவே முடியவில்லை: பாதை தவறு, எக்ஸிக்யூட் பெர்மிஷன் இல்லை, அல்லது ஸ்கிரிப்ட்டின் முதல் வரி தவறு. விண்டோஸில் எழுதிக் கொண்டுவந்த ஸ்கிரிப்ட்டில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு இதே 203-ஐத் தரும். 200 என்றால் சொன்ன வொர்க்கிங் டைரக்டரிக்குள் போக முடியவில்லை. 217 என்றால் யூனிட்டில் சொன்ன பயனர் இந்த மெஷினில் இல்லை. இந்த மூன்றும் சிஸ்டம்டி கொடுப்பவை; உங்கள் புரோகிராமின் ஒரு வரிகூட இன்னும் ஓடவில்லை என்று அர்த்தம். எண் 1 என்றால் பெரும்பாலும் புரோகிராமே தொடங்கி, ஏதோ பிடிக்காமல் தானாக வெளியேறியிருக்கிறது. அப்போது அதன் லாக்தான் பேச வேண்டும்.

'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி' என்று வந்தால், அது காரணம் அல்ல, விளைவு. இயல்பான அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கிவிட்டால் சிஸ்டம்டி அதற்கு மேல் முயலாது. ரீஸ்டார்ட்டுக்கு இடையே அது காத்திருக்கும் நேரம் வெறும் 100 மில்லி விநாடி. ஆக, தொடங்கியவுடன் விழும் புரோகிராம் ஐந்து வாய்ப்பையும் ஓரிரு விநாடியில் தீர்த்துவிடும். டேட்டாபேஸ் எழ 8 விநாடி ஆகிறது என்றால், அதற்குள் கணக்கு சர்வீஸ் தோற்று உட்கார்ந்துவிடும். யூனிட்டில் 'ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர்' என்பதோடு 'ரீஸ்டார்ட்செக்=5' என்றும் எழுதினால், 10 விநாடிக்குள் 5 முயற்சி நடக்கவே வாய்ப்பில்லை; டேட்டாபேஸ் எழும் வரை பொறுமையாக முயன்றுகொண்டே இருக்கும்.

நெட்வொர்க் இன்னும் தயாராகவில்லை

கையால் எழுப்பினால் ஓடுகிறது, பூட்டில் மட்டும் விழுகிறது என்றால் நேரம்தான் குற்றவாளி. பூட்டின்போது சர்வீஸ்கள் வரிசையாக நிற்பதில்லை. ஒரே நேரத்தில் பல எழுகின்றன. உங்கள் சர்வீஸ் தனக்குத் தேவையானதை முந்திக்கொண்டு எழுந்துவிட்டது.

லாகில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்று இருந்தால், புரோகிராம் குறிப்பிட்ட ஓர் ஐபி முகவரியில் காது வைக்கப் பார்த்திருக்கிறது. அந்த நேரத்தில் அந்த முகவரி இந்த மெஷினுக்கு வந்து சேரவில்லை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்' என்பதும் இதே குடும்பம்தான். கன்ஃபிக்கில் எழுதியிருக்கும் பின்னணி சர்வரின் பெயரை என்ஜின்எக்ஸ் தொடங்கும்போதே டிஎன்எஸ்ஸில் தேடுகிறது. கிடைக்காவிட்டால் மொத்தமாகவே தொடங்க மறுக்கிறது.

'ஆனால் என் யூனிட்டில் ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட் என்று போட்டிருக்கிறேனே' என்று கேட்பீர்கள். பெயர்தான் அப்படி. டார்கெட் என்பது பூட்டின் ஒரு கட்டத்தைக் குறிக்கும் யூனிட். நெட்வொர்க்.டார்கெட் என்பது நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. முகவரி கிடைத்துவிட்டது என்று சொல்வதில்லை. அதற்கு வேண்டியது நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட். அதையும் இரண்டு வரியாக எழுத வேண்டும்:

வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

ஏன் இரண்டு? 'ஆஃப்டர்' வரிசையை மட்டும் சொல்கிறது: இரண்டும் எழுவதாக இருந்தால் அது முதலில், நான் பிறகு. அதை எழுப்பு என்று அது சொல்வதில்லை. 'வான்ட்ஸ்' எழுப்பச் சொல்கிறது, வரிசையைச் சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வரும் கோளாறு ஏராளம். 'ரிக்கொயர்ஸ்' எழுதினால்கூட, 'ஆஃப்டர்' இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில்தான் தொடங்கும்.

அந்த டார்கெட் உண்மையில் காத்திருக்க வேண்டுமென்றால், காத்திருக்கும் சர்வீஸ் ஒன்று எனேபிள் ஆகியிருக்க வேண்டும். நெட்வொர்க்மேனேஜர் பயன்படுத்தினால் 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்'. சிஸ்டம்டி-நெட்வொர்க்டி என்றால் 'சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன்'. நீங்கள் பயன்படுத்தாத ஒன்றை எனேபிள் செய்து வைத்தால் பூட் வீணாகத் தொங்கும். இரண்டாவது சர்வீஸின் இயல்பான காத்திருப்பு 120 விநாடி.

முடிந்தால் இந்தச் சார்பையே வேண்டாமென்று ஆக்கிவிடுவது நல்லது. குறிப்பிட்ட முகவரிக்குப் பதிலாக 0.0.0.0 என்று எல்லா முகவரியிலும் காது வைத்து, யார் வரலாம் என்பதை ஃபயர்வாலிடம் விட்டுவிடலாம். டேட்டாபேஸ் கிடைக்காவிட்டால் செத்துப்போகாமல் சில விநாடி கழித்து மறுபடி முயலும்படி புரோகிராமை எழுதலாம். பலர் செய்வது 'எக்செக்ஸ்டார்ட்ப்ரீ' (புரோகிராமுக்கு முன் ஓட வேண்டியதைச் சொல்லும்) வரியில் 30 விநாடி தூக்கம் போடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்று 30 விநாடி போதும். டிஸ்க் சோதனை நடக்கும் ஒரு நாளில் 40 வேண்டியிருக்கும். அன்று யாருக்கும் காரணம் புரியாது.

மறைந்துபோகும் ஃபோல்டர்கள்

'/ரன்' என்ற ஃபோல்டர் டிஸ்கில் இல்லை, மெமரியில் இருக்கிறது. ஒவ்வொரு பூட்டிலும் காலியாகப் பிறக்கிறது. இன்றைய லினக்ஸ்களில் '/வார்/ரன்' என்பதும் அதையே சுட்டும் லிங்க்தான். நிறுவும்போது '/ரன்/கணக்கு' என்று ஒரு ஃபோல்டரைக் கையால் உருவாக்கி, பிஐடி கோப்பையோ (பிராசஸின் எண் எழுதப்படுவது) சாக்கெட் கோப்பையோ (மற்ற புரோகிராம்கள் இதனோடு பேசும் வாசல்) அதில் வைக்கச் சொல்லியிருந்தால், அடுத்த ரீபூட்டில் ஃபோல்டரே இருக்காது. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று புரோகிராம் விழும். யூனிட்டின் சர்வீஸ் பகுதியில் 'ரன்டைம்டைரக்டரி=கணக்கு' என்று ஒரே வரி எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் சர்வீஸ் எழும் முன் சிஸ்டம்டி அந்த ஃபோல்டரை உருவாக்கி, யூனிட்டில் சொன்ன பயனரின் பெயருக்கு உரிமையாக்கிக் கொடுத்துவிடும். '/டெம்ப்' ஃபோல்டரையும் நம்ப வேண்டாம். பல அமைப்புகளில் அதுவும் மெமரியில்தான்.

இதன் மறுபக்கம், போக வேண்டிய கோப்பு போகாமல் இருப்பது. மின்சாரம் திடீரென்று நின்றால், டிஸ்கில் இருக்கும் பிஐடி கோப்பை அழிக்கப் புரோகிராமுக்கு நேரம் கிடைக்காது. அடுத்த முறை தொடங்கும்போது 'ஏற்கெனவே ஒருவர் ஓடுகிறார்' என்று நினைத்து விலகிவிடும். போஸ்ட்கிரெஸின் 'போஸ்ட்மாஸ்டர்.பிஐடி' டேட்டா ஃபோல்டரில் இருப்பது இப்படித்தான். அந்தக் கோப்பில் எழுதியிருக்கும் எண்ணில் இப்போது எந்தப் பிராசஸ் ஓடுகிறது என்று 'பிஎஸ்' கட்டளையில் பார்த்து, அந்த ஃபோல்டரில் எந்த டேட்டாபேஸும் ஓடவில்லை என்று உறுதியான பிறகுதான் அழிக்க வேண்டும். ஒரே டேட்டாவில் இரண்டு டேட்டாபேஸ் எழுதினால் மீட்கவே முடியாத அளவுக்குச் சிதைந்துவிடும்.

டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை

எல்லாக் கோளாறுகளிலும் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். டேட்டா தனி டிஸ்கில், '/டேட்டா' என்ற இடத்தில் மவுண்ட் ஆகியிருந்தது. ஆனால் பூட்டில் எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் '/எட்சி/எஃப்எஸ்டேப்' கோப்பில் அதற்கு வரி எழுதவில்லை. ரீபூட்டுக்குப் பின் '/டேட்டா' இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. சர்வீஸ் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். விழாமல், 'ஓ, புதிய டேட்டாபேஸ் போலிருக்கிறது' என்று காலி ஃபோல்டரில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினால்தான் ஆபத்து. டாக்கரில் ஓடும் டேட்டாபேஸ் இமேஜ்கள் பல இப்படித்தான் செய்யும். மணிக்கணக்கில் புதிய பதிவுகள் தவறான இடத்தில் சேரும். பிறகு டிஸ்கை மவுண்ட் செய்ததும் அவை அடியில் மறைந்துவிடும்.

'ஃபைண்ட்எம்என்டி /டேட்டா' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மவுண்ட் இல்லை; சர்வீஸை உடனே நிறுத்திவிட்டு மற்றதைப் பாருங்கள். எஃப்எஸ்டேப்பில் எழுதும்போது '/டெவ்/எஸ்டிபி1' போன்ற பெயரை எழுதாதீர்கள். டிஸ்க்குகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அந்தப் பெயர் வேறு டிஸ்க்குக்குப் போய்விடும். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் யூயூஐடியை (வரிசை மாறினாலும் மாறாத அடையாள எண்) எழுதுங்கள். எழுதியதும் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' கொடுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். எஃப்எஸ்டேப்பில் சொன்ன டிஸ்க் கிடைக்காவிட்டால், இயல்பாக 90 விநாடி காத்திருந்துவிட்டு மெஷின் எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும், எஸ்எஸ்ஹெச்கூட வராது. 'நோஃபெயில்' என்ற தெரிவு அதைத் தவிர்க்கும். ஆனால் நோஃபெயில் மட்டும் போட்டால் முன்பு சொன்ன காலி ஃபோல்டர் ஆபத்து திரும்பி வருகிறது. ஆகவே அதோடு சேர்த்து, சர்வீஸின் யூனிட் பகுதியில் 'ரிக்கொயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/டேட்டா' என்று எழுதுங்கள். மவுண்ட் ஆகாமல் சர்வீஸ் எழாது. கூடுதல் காவலாக, டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' கொடுத்துவிட்டால், முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. மேலே டிஸ்க் வந்து அமர்ந்ததும் அந்தத் தடை டிஸ்கைப் பாதிக்காது.

என் டெர்மினலில் ஓடுகிறதே?

டெர்மினலில் நீங்கள் லாகின் செய்யும்போது '.பாஷ்ஆர்சி', '.ப்ரொஃபைல்' போன்ற கோப்புகள் படிக்கப்பட்டு, பாத் உட்படப் பல என்விரான்மென்ட் மாறிகள் அமைகின்றன. சிஸ்டம்டி அந்தக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் நிறுவிய நோட் அல்லது பைத்தான் அதற்குத் தெரியாது. நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் தெரியாது. எந்தப் புரோகிராமை ஓட்டுவது என்று சொல்லும் எக்செக்ஸ்டார்ட் வரியில் முழுப் பாதையை எழுதுங்கள். மாறிகளைத் தனிக் கோப்பில் பெயர்=மதிப்பு என்று வரிவரியாக எழுதி, 'என்விரான்மென்ட்ஃபைல்=' வரியில் அதன் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்பில் 'எக்ஸ்போர்ட்' என்ற சொல் கூடாது. ஷெல்லில் எழுதுவது போல ஒரு மாறிக்குள் இன்னொன்றை டாலர் குறி போட்டுச் செருகினாலும் விரியாது.

சிஸ்டம்டி பார்ப்பது போலவே நீங்களும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. 'சூடோ -யு கணக்கு என்வ் -ஐ' என்று தொடங்கி (இங்கே 'கணக்கு' என்பது சர்வீஸ் ஓடும் பயனரின் பெயர்), அதன் பின் எக்செக்ஸ்டார்ட்டில் இருக்கும் முழுக் கட்டளையை ஒட்டுங்கள். அந்தப் பயனராக, என்விரான்மென்ட் முழுக்கக் காலியான நிலையில் அது ஓடும். எங்கே தடுக்கிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும்.

இதை ரூட்டாக ஓட்டிப் பார்க்கும் தவறை மட்டும் செய்யாதீர்கள். ரூட்டாக ஓடினால் எல்லாம் சரியாகவே நடக்கும், ஆனால் லாக் கோப்பும் கேஷ் கோப்பும் ரூட்டின் பெயரில் உருவாகிவிடும். அடுத்த முறை சர்வீஸ் தன் பயனராக எழும்போது 'பெர்மிஷன் டினைட்' என்று புதிதாக ஒரு கோளாறு முளைக்கும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் அந்த ஃபோல்டர்களில் உரிமையாளர் யார் என்று 'எல்எஸ் -எல்' கொடுத்துப் பார்த்து 'சிஹெச்ஓன்' செய்துவிடுங்கள்.

சுருக்கமாகப் பார்த்துவிட வேண்டிய மற்றவை

'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால் அந்தப் போர்ட்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். 'எஸ்எஸ்' கட்டளைக்கு லிசன், டிசிபி, நியூமெரிக், பிராசஸ் ஆகிய நான்கு தெரிவுகளின் முதல் எழுத்துக்களைக் கொடுத்தால் யார் என்று காட்டும். எப்போதோ நிறுவிய அப்பாச்சி எனேபிள் ஆகியபடியே கிடந்து, ரீபூட்டில் என்ஜின்எக்ஸை முந்திக்கொண்டு 80-ஐப் பிடிப்பது அடிக்கடி நடப்பது. வேண்டாததை டிஸேபிள் செய்யுங்கள்.

கன்ஃபிக் பிழையைத் தேடப் பல புரோகிராம்கள் தமக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கின்றன: 'என்ஜின்எக்ஸ் -டி', 'அப்பாச்சிசிடிஎல் கன்ஃபிக்டெஸ்ட்', 'எஸ்எஸ்ஹெச்டி -டி'. கடைசியாகச் சொன்னதை ரீபூட்டுக்கு முன்பே ஓட்டிவிட வேண்டும். அதில் பிழை இருந்தால் பிறகு திருத்த உள்ளே நுழையவே வழியிருக்காது.

டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்று 'டிஎஃப் -ஹெச்' சொல்லும். இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்றால் 'டிஎஃப் -ஐ' கொடுத்து ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்ததா என்று பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாக 5 சதவீதத்தை ரூட்டுக்காக ஒதுக்கி வைக்கிறது; ரூட்டாக நீங்கள் கோப்பு எழுதிப் பார்த்து 'இடம் இருக்கிறதே' என்று ஏமாற இடமுண்டு. சாதாரணப் பயனராக ஓடும் டேட்டாபேஸுக்கு அந்த இடம் கிடையாது.

எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருக்கும் மெஷினில், யாரோ 'செட்என்ஃபோர்ஸ் 0' கொடுத்துத் தளர்த்தியிருந்தால் அது ரீபூட் வரைக்கும்தான். ஹோம் ஃபோல்டரிலிருந்து 'எம்வி' செய்து கொண்டுவந்த கோப்பு தன் பழைய லேபிளோடு வரும். 'ரீஸ்டோர்கான் -ஆர்வி' அதைச் சரியாக்கும். எஸ்ஈலினக்ஸையே அணைத்துவிடுவது தீர்வு ஆகாது.

90 விநாடி கழித்து 'டைம்அவுட்' என்று விழுந்தால் யூனிட்டின் 'டைப்' வரியைப் பாருங்கள். புரோகிராம் முன்னணியிலேயே ஓடும்போது 'ஃபோர்க்கிங்' என்று எழுதியிருந்தால், அது பின்னணிக்குப் போகும் என்று சிஸ்டம்டி வீணாகக் காத்திருந்துவிட்டுக் கொன்றுவிடும். மாறாக, தானே பின்னணிக்குப் போகும் புரோகிராமுக்கு 'சிம்பிள்' என்று எழுதினால், எண் 0-வோடு நல்லபடியாக முடிந்ததாகக் காட்டிவிட்டு மிச்சப் பிராசஸ்களையும் முடித்துவிடும். டைப் சரியாக இருந்தும் டேட்டாபேஸ் டைம்அவுட் ஆகிறது என்றால், மின்வெட்டுக்குப் பின் அது தன் பதிவுகளை மீட்டுக்கொண்டிருக்கலாம். 'டைம்அவுட்ஸ்டார்ட்செக்' மதிப்பை உயர்த்தி, அதை முடிக்க விடுங்கள்.

திருத்தத்தை எங்கே எழுதுவது, எப்படி உறுதி செய்வது

பேக்கேஜோடு வந்த யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தினால் அடுத்த அப்டேட் அதை மேலெழுதிவிடும். 'சிஸ்டம்சிடிஎல் எடிட் கணக்கு' கொடுத்து, மாற்றும் வரிகளை மட்டும் எழுதுங்கள்; அவை '/எட்சி' கீழே தனிக் கோப்பாக நிற்கும். கையால் கோப்பை மாற்றியிருந்தால் 'டீமன்-ரீலோட்' கொடுக்க வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல் கேட் கணக்கு' எல்லாவற்றையும் சேர்த்து, சிஸ்டம்டி எதைப் படிக்கும் என்று காட்டும். 'சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை' எழுத்துப்பிழைகளைப் பிடிக்கும்.

பிறகு மறுபடி ரீபூட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஓடுகிறது என்பது, ரீபூட்டில் ஓடும் என்பதற்குச் சான்று ஆகாது. இங்கே சொன்ன கோளாறுகளில் பாதி ரீஸ்டார்ட்டில் தெரியவே தெரியாது. நேரம் சார்ந்த கோளாறு என்றால் ஒரு ரீபூட் போதாது, மூன்று நான்கு முறையாவது பாருங்கள். முந்திக்கொள்ளும் போட்டியில் ஒரு முறை தற்செயலாக ஜெயித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மேலே வந்ததும் 'சிஸ்டம்சிடிஎல் இஸ்-சிஸ்டம்-ரன்னிங்' என்று கேளுங்கள். 'ஸ்டார்ட்டிங்' என்றால் பூட் இன்னும் முடியவில்லை, சற்றுப் பொறுங்கள். 'டிகிரேடட்' என்று வந்தால் எங்கோ ஒரு யூனிட் விழுந்திருக்கிறது. 'சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்ட்' அதன் பெயரைச் சொல்லும். 'ரன்னிங்' என்று வந்தபின், வெளியிலிருக்கும் வேறொரு மெஷினிலிருந்து 8080-ஐத் திறந்து பார்த்துவிடுங்கள்.